வயரோடு பஸ் ஏறிய புதன்கிழமை

லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. அதில் ஏறமாட்டேன் என்று லீலா கீழ்த்தளத்தில் நின்றாள்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் தொடர்மாடி. நாங்கள் இருப்பது நாலாம் மாடி. ஐந்து பேர் ஏறலாம் என்று எழுதிய லிஃப்ட், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது.

என் மனைவிக்கு எழுபத்தொரு வயது. சேலைக்குள், நெஞ்சில், ஏழு ஒட்டுகள். அவற்றிலிருந்து ஏழு வயர்கள். வயர்கள் போய்ச் சேரும் சின்னப் பெட்டி இடுப்பில். கையில், கொட்டாஞ்சேனையிலிருந்து கொண்டுவந்த முருங்கைக்காய்க் கட்டு.

“இஞ்சருங்கோ, நான் படியால வாறன். நீங்கள் வேணுமெண்டா லிஃப்டில போங்கோ.”

“படியிலதானே விழுந்தனீர்?”

“அதுக்குத்தான் படியால வாறன்.”

“அப்ப நான் பின்னால வாறன். விழுந்தால் பிடிக்கிறன்.”

“நீங்களோ? உங்களுக்கு எழுபத்தாறு. ரெண்டு பேரும் சேர்ந்து உருண்டால் கீழ்வீட்டுச் சனத்துக்குத்தான் ஆபத்து.”

சொல்லிவிட்டு ஏறத் தொடங்கினாள். கண்ணுக்குத் தெரியாத அலுமாரி ஒன்றைத் தாங்கிக்கொண்டு ஏறுபவனைப் போல, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி நான் பின்னால் ஏறினேன்.

வாரந்தோறும் நான் எழுதும் இந்தத் தொடரில் தன்னைப் பற்றி எழுதக் கூடாது என்பது லீலாவின் நிலையான உத்தரவு. இந்த ஒரு கிழமைக்கு மட்டும் விலக்குத் தந்திருக்கிறாள். “உள்ளதை எழுதுங்கோ, கூட்டி எழுதாதேங்கோ” என்பது நிபந்தனை. ஆகவே படியில் அவளைச் சற்று நிறுத்திவிட்டு, அங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பதை முதலில் சொல்கிறேன்.

மூன்று தடவை

லீலா மூன்று தடவை விழுந்திருந்தாள். முதலாவது, மின்சாரம் நின்ற ஒரு மாலையில், இதே படியில். இரண்டாவது, மொட்டைமாடிக்குத் துணி காயப்போட ஏறும்போது. மூன்றாவது, தெஹிவளையில், எங்கள் மகள் வதனியின் வீட்டு மாடிக்கு ஏறும்போது.

ஒவ்வொரு தடவையும் சில விநாடிதான். கண் செருகும். உடம்பு துவண்டு அப்படியே சரிந்துவிடுவாள். பிறகு கண்ணைத் திறந்து, “என்ன எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?” என்று கேட்பாள். நான் ஓடிப்போய் நாடி பிடிப்பதற்குள் அது ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

எனக்கு எதையும் எண்ணும் பழக்கம். மூன்று என்று எண்ணி வைத்தேன். மூன்றும் ஏறும்போது நடந்தவை என்பது எனக்குத் தோன்றவில்லை. அதைக் கவனித்தவள் விழுந்தவள்.

மூன்றாவது தடவைக்குப் பிறகு வதனி ஒரு முடிவோடு வந்தாள். அம்மா இனித் தனியாக வெளியே போவதில்லை. சமையலுக்கு ஒரு ஆள் வைப்பது. புதன்கிழமை கொட்டாஞ்சேனைப் பயணம் நிறுத்தம்.

கொட்டாஞ்சேனையில் லீலாவின் அக்கா இருக்கிறார். கால் நடக்காது. புதன்தோறும் லீலா பஸ் ஏறிப் போய், அக்காவுக்குத் தலைவாரி விட்டு, மத்தியானம் வரை அவரோடு சண்டை பிடித்துவிட்டு வருவாள். வதனி பிறப்பதற்கு முன்பே தொடங்கிய வழக்கம் அது.

வதனி போன பிறகு லீலா என் முன்னால் வந்து இருந்தாள்.

“காரணம் தெரியாட்டி என்னைக் கதிரையில இருத்திப்போட்டு எல்லாரும் நிம்மதியா இருப்பியள். நான் இருக்கமாட்டன். காரணத்தைக் கண்டுபிடியுங்கோ.”

பவுடருக்கு மேல் ஒட்டாது

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். வயதுக்கேற்ற சின்ன மாற்றம் ஒன்று, மற்றப்படி சரி என்றார் வைத்தியர். ஈ.சி.ஜி. என்பது சில விநாடிப் படம். அந்தச் சில விநாடிக்குள் விழுந்து காட்ட லீலாவால் முடியுமா? அதனால் இதயத் துடிப்பை ஒரு நாள் முழுக்கப் பதியும் பெட்டியை உடம்பில் பூட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

பூட்டுகிற பிள்ளையின் பெயர் றிஸ்னா. “அங்கிளும் உள்ளுக்கு வாங்க, நாளைக்கு எப்பிடிக் கழட்டுறண்டு பாத்துக்கோங்க” என்று என்னையும் கூப்பிட்டாள்.

வைத்தியரிடம் போவதென்றால் லீலா குளித்து, பவுடர் பூசி, கலியாண வீட்டுக்குப் போவது போலத்தான் போவாள். றிஸ்னா அவள் நெஞ்சைப் பார்த்துத் திகைத்துவிட்டாள்.

“ஆன்ட்டி, இவ்வளவு பவுடரா? இதுக்கு மேல ஒட்டினா பவுடர்ட துடிப்புத்தான் வரும்.”

“டொக்டரிட்ட வேர்த்து ஒழுகிக்கொண்டு வாறதோ பிள்ளை?”

“வேர்வய விட இதுதான் கஷ்டம் ஆன்ட்டி.” ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து, பிறகு கரகரப்பான துணியால் தோல் சிவக்கும்வரை தேய்த்தாள்.

ஒட்டு ஒன்றை வாங்கிப் பார்த்தேன். நடுவில் சட்டைப் பொத்தான் அளவு உலோகம். வெள்ளிப் பூச்சு, அதன்மேல் வெள்ளியின் உப்பு. தோலில் படும் பக்கத்தில் உப்புக் கலந்த களி.

நான் பௌதிகம் படிப்பித்தவன். அதனால் அந்தக் களியின் பெறுமதி எனக்கு விளங்கியது. உடம்புக்குள் மின்சாரத்தைச் சுமப்பது கரைந்த உப்பு. வயருக்குள் சுமப்பது இலத்திரன். ஒருவர் தோளிலிருந்து மற்றவர் தோளுக்குச் சுமை மாறும் இடம் அந்தக் களி. இடையில் எண்ணெயோ பவுடரோ இருந்தால் சுமை மாறாது.

சுமையும் பெரிதல்ல. இதயம் ஒவ்வொரு முறை சுருங்குவதற்கு முன்பும் மேலிருந்து கீழே ஒரு மின் அலை ஓடுகிறது. அது நெஞ்சுத் தோலுக்கு வந்து சேரும்போது ஒரு மில்லிவோல்ற்று அளவுதான். டோர்ச்சுக்குப் போடும் பற்றரியின் ஆயிரத்தைந்நூறில் ஒரு பங்கு. தசை நடுங்கினாலே அதை மூடிவிடும்.

ஈ.சி.ஜி. எடுத்தபோது வேறொரு கணக்கு என்னை அரித்தது. பத்து வயர் பூட்டினார்கள்; பன்னிரண்டு கோடு வந்தது. வீட்டுக்கு வந்து கடதாசியில் போட்டுப் பார்த்துத்தான் தெளிந்தேன். ஒரு இடத்தைத் தனியாக அளக்க முடியாது. ஒன்றை இன்னொன்றோடு, அல்லது பலவற்றின் சராசரியோடு ஒப்பிட்டுத்தான் கோடு வரும். சோடி மாறினால் படம் மாறும். ஒரே இதயத்தைப் பன்னிரண்டு யன்னலால் எட்டிப் பார்ப்பது போல.

“தலை சுத்தினா இந்த பட்டன அமத்துங்க. எந்த இடத்தில பாக்கணுமெண்டு எங்களுக்குத் தெரியும்” என்றாள் றிஸ்னா. “குளிக்க மட்டும் வாணாம். மத்த எல்லாம் வழமப்படி செய்யுங்க.”

வழமைப்படி. அந்தச் சொல்லைத்தான் லீலாவும் நானும் வெளியே காத்திருந்த வதனியும் வாசலிலேயே விட்டுவிட்டு வந்தோம். ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பையில் ஒரு கல்வனோமானி

அப்போது நான் கொட்டாஞ்சேனையில் ஒரு பாடசாலையில் படிப்பித்தேன். ஆய்வுகூடத்தில் இருந்தது ஒரே ஒரு கல்வனோமானி. மிகச் சிறிய மின்னோட்டத்துக்கும் முள் அசையும் கருவி. முள் இறுகிவிட்டதால் வீட்டுக்குக் கொண்டுவந்து திருத்தினேன். அடுத்த நாள் காலையில் அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். கூடவே ஆறு வயர், இரண்டு பற்றரி, ஒரு செப்புத் தகடு, ஒரு நாகத் தகடு, அதாவது துத்தநாகம்.

குண்டுகள் வெடித்த அந்த யுத்த வருடங்களில் கொழும்பில் இருந்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை. சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நின்றபோதுதான் என் பைக்குள் என்ன இருக்கிறது என்பது எனக்கே உறைத்தது.

“மேக்க மொகக்த?” என்றார் அதிகாரி. இது என்ன என்று.

எனக்குத் தெரிந்த சிங்களம் எல்லாம் நாக்கில் ஒட்டிக்கொண்டது. வயரைப் பூட்டி, செப்புத் தகட்டை அவருடைய ஒரு கையிலும் நாகத் தகட்டை மறு கையிலும் கொடுத்தேன். முள் அசைந்தது.

“மகே கரண்ட் எகத?” தன்னுடைய கரண்டா என்று கேட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, பையோடு என்னைப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார்.

உண்மையில் அது அவருடைய மின்சாரம் அல்ல. இரண்டு உலோகங்களுக்கு இடையில் வியர்வை இருந்தால் மின்சாரம் பிறக்கும். மனிதன் அங்கே வெறும் உப்புத் தண்ணீர். அதை விளக்குவதற்கு அது நேரமல்ல என்று விட்டுவிட்டேன்.

பின்னேரம் பாடசாலை அதிபர் வந்து கையெழுத்து வைத்து என்னை மீட்டார். வெளியே வந்தபோது லீலா வாசலில் நின்றாள், கைக்குழந்தை வதனியை இடுப்பில் வைத்தபடி. எப்போதிருந்து நின்றாள் என்று கேட்கவில்லை. பிள்ளையின் முகம் வெயிலில் சிவந்திருந்தது.

“இனி எங்கட வீட்டை விட்டு வயர் ஒண்டும் வெளிய போகப்படாது” என்றாள். போகவில்லை. ரேடியோ பழுதானாலும் திருத்துபவர்தான் வீட்டுக்கு வந்தார்.

கதிரையில் ஒரு நாள்

சாவடிகள் போய் எத்தனையோ காலம். அன்று என் பஸ்ஸை மறித்த இடத்தில் இப்போது ஐஸ்கிறீம் விற்கிறார்கள். ஆனாலும், உடம்பில் வயரோடு லீலா காலி வீதிக்கு வந்ததும் மூன்று பேருக்கும் ஒரே யோசனை. காரணத்தை யாரும் வாயால் சொல்லவில்லை. பஸ்ஸை விட்டு, த்ரீவீலரைப் பிடித்து, அவளை நடுவில் இருத்தி வீட்டுக்குக் கொண்டுவந்து கதவைச் சாத்தினோம்.

பிறகு நடந்தது எங்கள் சனத்தின் வழக்கமான நோயாளி உபசாரம். வதனி சமைத்தாள். லீலாவைச் சாய்கதிரையில் இருத்தினோம். தண்ணீர் குடிக்கக்கூட எழும்ப விடவில்லை. சொந்தக்காரரும் அயலவருமாகப் பதினொரு பேர் பார்க்க வந்தார்கள். ஐந்து மோல்ட் மா, மூன்று பிஸ்கட் பெட்டி, செவ்விளநீர் ஒரு குலை.

“கரண்ட் அடிக்காதோ மாஸ்டர்?” என்று பதினொரு பேரும் கேட்டார்கள்.

“அது உடம்புக்குள்ள ஒண்டும் அனுப்பாது. கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கும்” என்று பதினொரு தடவை சொன்னேன்.

பெட்டி ஒரு நாள் முழுக்கக் கேட்டது. கதிரையில் இருந்து மோல்ட் குடிக்கும் ஒரு பெண்ணின் இதயத்தை. அறிக்கை வந்தது: குறை ஒன்றுமில்லை.

வைத்தியரின் அறையில் வதனி, “பார்த்தீங்களோ அம்மா? எல்லாம் யோசினையால வாறது. நீங்கள் அலையாமல் வீட்டில இருந்தால் சரி” என்றாள். வைத்தியரும் தண்ணீர் கூடக் குடிக்கும்படி சொல்லி எழுதத் தொடங்கினார்.

லீலா எழும்பவில்லை.

“டொக்டர், நான் விழுந்தது மூண்டு தரம். மூண்டும் ஏறேக்க. இருக்கேக்க நான் எப்ப விழுந்தனான்? அண்டைக்கு என்னைக் கதிரையால எழும்ப விடேல்ல. வயரோட வெளிய போகப் பயந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தனாங்கள்.”

“வயருக்கு என்ன பயம் அம்மா?” என்றார் வைத்தியர். முப்பது வயது இருக்கும். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டார்.

லீலா, “அது பழைய பயம். விடுங்கோ. எனக்குத் திரும்பப் பூட்டுங்கோ” என்றாள்.

வைத்தியர் பேனையை வைத்தார். பழைய ஈ.சி.ஜி.யை எடுத்து அந்தச் சின்ன மாற்றத்தை இன்னொரு முறை பார்த்தார்.

“சரி அம்மா. இந்த முறை வழமையாச் செய்யிற எல்லாம் செய்யுங்கோ. ஆனால் தனிய இருக்கக் கூடாது. தலை சுத்த வெளிக்கிட்டால் உடனே நிலத்தில இருந்திட வேணும்.”

“புதன்கிழமை பூட்டுங்கோ” என்றாள் லீலா.

புதன்கிழமை

அன்று பவுடர் போடவில்லை. றிஸ்னா சிரித்துக்கொண்டே ஒட்டினாள். வெளியே வந்ததும் லீலா காலி வீதியில் பஸ் தரிப்பிடத்தை நோக்கி நடந்தாள். த்ரீவீலர்காரர் ஒருவர் வேகத்தைக் குறைத்துப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

பஸ்ஸில் சனம். நின்றுதான் போனோம். பம்பலப்பிட்டிக்குக் கிட்ட ஒரு பிறேக்கில் அவளுடைய சேலைத் தலைப்பு விலகியது. கழுத்தடியில் ஒரு சிவப்பு வயரும் ஒரு கறுப்பு வயரும் வெளியே தெரிந்தன. என் நாடியை நானே பிடித்து எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. இறங்கிவிடுவோமா என்று கேட்க வாயெடுத்தேன்.

வேலைக்குப் போகும் பெண்பிள்ளை ஒருத்தி அந்த வயரைப் பார்த்தாள். உடனே எழும்பினாள்.

“ஹார்ட் எகட்டத அம்மே?” இதயத்துக்கா அம்மா என்று கேட்டு, தன் இருக்கையைக் காட்டினாள்.

“ஓவ் துவே” என்றாள் லீலா. ஓம் மகளே என்று சொல்லி அந்த இருக்கையில் இருந்தாள். வயரை உள்ளே தள்ளவில்லை. கொட்டாஞ்சேனை வரை அது வெளியேதான் கிடந்தது.

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். “என்னடி, ரேடியோ கட்டிக்கொண்டு வந்திருக்கிறாய்? பாட்டுப் படிக்குமோ?”

“நீ வாயை மூடினாத்தான் என்ர நெஞ்சு படிக்கிறது அதுக்குக் கேக்கும்.”

தலை வாரினாள். சண்டை பிடித்தார்கள். முருங்கைக்காயோடு திரும்பினோம். அப்படித்தான் அந்தப் படிக்கு வந்தோம்.

மூன்றாம் மாடி

இரண்டாம் மாடியில் மர்சூக் நானா கதவைத் திறந்தார். புறக்கோட்டையில் துணிக்கடை வைத்திருந்து ஓய்ந்தவர்.

“என்ன மாஸ்டர், லிஃப்ட் ஒடஞ்சிட்டா?”

“இல்லை.”

“அப்ப என்னத்துக்கு இந்தத் தண்டன?”

லீலா மூச்சு வாங்கிக்கொண்டே, “நான் விழப் போறன் நானா. இவர் பிடிக்கப் போறார்” என்றாள்.

“யா அல்லாஹ்! மாஸ்டர் புடிச்சா ரெண்டு பேரையும் நானெல்லா புடிக்கணும்?” உள்ளே ஓடி ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்களுக்குப் பின்னால் வந்தார். லீலா, நான், கதிரை, நானா. ஊர்வலம் போல ஏறினோம்.

மூன்றாம் மாடித் திருப்பத்தில் லீலாவின் கை கைபிடியில் நின்றது.

“இஞ்சருங்கோ… வருது.”

இருப்பதற்குக் குனிந்தாள். குனிந்து முடிக்கவில்லை. முருங்கைக்காய் கட்டவிழ்ந்து படிகளில் சிதறியது. அவளுடைய இரண்டு அக்குளுக்குள்ளும் என் கைகள் இருந்தன. அந்தப் பாரத்தை நான் தாங்கினேனா, என் முதுகைத் தாங்கிய நானா தாங்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இருவருமாக அவளை மெல்லத் தரையில் சரித்தோம். முகம் சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

இடுப்புப் பெட்டியைத் தடவி, பட்டனை அமத்தினேன். ஒரு தடவை போதும் என்று றிஸ்னா சொல்லியிருந்தாள். நாலு தடவை அமத்தினேன்.

“மாஸ்டர், தண்ணி கொண்டரவா?” நானா கீழே இறங்கத் திரும்பினார்.

லீலா கண்ணைத் திறந்தாள். முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

“அமத்தினீங்களோ?”

“அமத்தினன்.”

“நல்லது. முருங்கைக்காயைப் பொறுக்குங்கோ, ஆரும் வழுக்கி விழப் போயினம்.”

இருபத்தொன்பது கட்டம்

வைத்தியர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இந்த முறை வதனியும் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தாள்.

கோடு முழுக்க மயிர்க்கூச்செறிந்தது போலச் சிறு நடுக்கம். “இது அம்மா படியேறுற தசை” என்றார். அந்த நடுக்கத்துக்கு நடுவே உயரமான சிகரங்கள், ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு. மேடு, சிகரம். மேடு, சிகரம். ஒரு இடத்தில் மேடு வந்தது, சிகரம் வரவில்லை. பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. பிறகு மேடுகள் மட்டும்.

“மேல் அறை கட்டளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கு. அது கீழ் அறைக்கு வந்து சேரேல்ல. வழியில அறுந்துபோகுது. ஆறுதலா இருக்கேக்க சமாளிக்கும். ஏறேக்க வேகம் கூட, வழி தாங்காது.”

திரையில் கட்டம் போட்டிருந்தது. ஐந்து பெரிய கட்டம் ஒரு விநாடி. விரலை வைத்து எண்ணினேன். சிகரமில்லாத இடம் இருபத்தொன்பது கட்டம். ஆறு விநாடிக்குக் கொஞ்சம் குறைவு. அந்த இடத்தின் பிற்பகுதியில் நடுக்கம்கூட இல்லை. தசைகளும் விட்டுவிட்டதால் கோடு மிகத் துப்புரவாக இருந்தது. நான் படிப்பித்த காலத்தில் அப்படித் துப்புரவான கோட்டுக்குப் பிள்ளைகளைப் பாராட்டியிருப்பேன். அதற்குமேல் பார்க்க முடியாமல் விரலை எடுத்தேன்.

வதனி தாயின் கையைப் பிடித்தாள். “அம்மா, நான் யோசினை எண்டு சொன்னனான்…”

“அழாதை. இப்ப காரணம் கிடைச்சிட்டுது” என்றாள் லீலா.

பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் வைத்தியர். தோளுக்குக் கீழே ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து இதயத்துக்குள் வயர். றிஸ்னாவின் ஒட்டுகளைப் போல அந்த வயரும் கேட்டுக்கொண்டிருக்கும். கேட்கவேண்டிய துடிப்பு வராவிட்டால், தானே ஒரு சின்னத் தட்டுத் தட்டும்.

ஆபத்து உண்டா, எத்தனை வருடம் உழைக்கும், பற்றரி முடிந்தால் என்ன என்று ஒன்பது கேள்விகளை நான் தயார்படுத்துவதற்குள் லீலா தன்னுடைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டாள்.

“அதை வைச்சால் நான் கொட்டாஞ்சேனைக்குத் தனியப் போகலாமோ?”

“காயம் ஆறின பிறகு போகலாம் அம்மா. கொஞ்ச நாளைக்கு இடது கையைத் தலைக்கு மேல தூக்கப்படாது.”

“வலது கையால கம்பியைப் பிடிக்கிறன்.”

“ஆராவது கூடப் போறது நல்லதெல்லோ டொக்டர்?” என்றாள் வதனி.

“விருப்பமெண்டால் போங்கோ. தேவை இல்லை.”

பேஸ்மேக்கர் வைத்தார்கள். காயம் ஆறியது. வைத்தியர் பார்த்துச் சரி என்று சொன்ன கிழமையிலேயே புதன் வந்தது. காலையில் லீலா குளித்து, பவுடர் போட்டு, செருப்பை மாட்டினாள். நானும் வரட்டா என்று கேட்டேன். “வீட்டில இருங்கோ” என்றாள்.

பத்தரைக்குத் தொலைபேசி அடித்தது. வதனி.

“அப்பா, அம்மா எங்க?”

“கொட்டாஞ்சேனைக்குப் போட்டா.”

“ஆரோட?”

“தனிய” என்றேன்.

மறுமுனையில் சத்தமில்லை. கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, இன்னொரு தடவை உரத்துச் சொன்னேன்.